பெரிய ஹோட்டலில் கை நனைக்காமல்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால், சம்மதம் என்றால் அங்கே கை நனைக்க வேண்டும், அதாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சம்மதம் இல்லையென்றால் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்ப் பேசிக்கொண்டு சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிடலாம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்கிற சங்கடம் யாருக்கும் இல்லை. வைத்த காபியைத் தொடாமல் வந்தாலே அவர்களுக்குப் புரிந்துவிடும். எனக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும். நான் அதிகம் பேசத் தெரியாத ஆள்.

திண்டுக்கல்லில் திருச்சி ரோட்டின் மேல் எனக்குக் கடை. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் 'காயில்' கட்டுகிற வேலை. வடமதுரைப் பக்கத்துத் தோட்டங்களில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டால் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மனிதர்களையும் அப்படியே கணித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். கூட வேலை பார்க்கும் பையனைப் பற்றி ஒரு நாள் போனில் சொன்னாள். "கட்டிக்கலாமாப்பா?" என்றுதான் கேட்டாள், ஆனால் அந்தக் குரலில் கேள்வி கம்மியாகத்தான் இருந்தது. பையனும் அவனைப் பெற்றவர்களும் ஊருக்கு வந்து பெண் பார்த்தார்கள். பஜ்ஜியும் காபியும் சாப்பிட்டார்கள், எங்களுக்குப் பூரண சம்மதம் என்றார்கள். பையனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவனுடைய அப்பாவைப் பற்றித்தான் எனக்கு உறுத்தல். "ஹோட்டல்ல இருக்கேங்க" என்றார். என்னவாக இருக்கிறார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சொந்தக்காரர்களிடம் நானாகவே 'மேனேஜர் மாதிரி' என்று சொல்லிவைத்தேன்.

அடுத்து நாங்கள் போய் வீடு பார்க்க வேண்டிய முறை. அவர் போன் செய்தார்.

"எங்க வீடு ரொம்பச் சின்னதுங்க. நீங்க ஒரு நாள் எங்க ஹோட்டல்லயே தங்கிக்கங்க. மறுநாள் காலை டிபனை அங்கேயே முடிச்சிட்டு, வீட்டையும் பார்த்துட்டு, பகல் ரயிலுக்குக் கிளம்பிடலாம். டிபன் மட்டும் கண்டிப்பா அங்க சாப்பிடணும்."

ஹோட்டலின் பெயரைச் சொன்னதும் பக்கத்தில் இருந்த மச்சான் துள்ளிவிட்டார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். தாய்மாமன் இல்லாமல் இந்தக் காரியத்துக்குப் போக முடியாது. மூன்று பேராகப் போகக் கூடாது என்பதால் அவர் மனைவியும் வருவதாக ஏற்பாடு.

"வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் மாப்ள! பழைய படத்துல எல்லாம் காட்டுவான்ல, ரெண்டு பக்கமும் சுத்தி ஏறுற படி, அதுதான். அங்க டிபன் அம்புட்டு வகை இருக்குமாம். நம்ம ஆயுசுக்கும் எண்ணி முடிக்க முடியாதாம்."

"எண்ண வேணாம். அங்க யாரும் கை நனைக்கப் போறதில்லை" என்றேன்.

என் கணக்கு இதுதான். அறை அவர் ஏற்பாடு. அங்கே சாப்பிட்டால் அவர் வீட்டில் சாப்பிட்ட மாதிரிதான். வீட்டைப் பார்க்காமல், மனிதர்களை அறியாமல், முதல் நாளே சம்மதம் சொன்னதாக ஆகிவிடும். முதலில் வீட்டைப் பார்ப்போம், என் மனதுக்குப் பட்டால் அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிடுவோம், அதுவரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது. என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வீம்பு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இருந்தாலும் இரண்டு நாளைக்கு வேண்டிய கட்டுச்சோறு கட்டினாள். புளிச்சோறு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, பருப்புத் துவையல், வறுத்த கடலை எல்லாம் இருந்தது. ஒரு கல்யாணத்துக்கே போகலாம் போல இரண்டு பை.

ரயில் திருச்சியைத் தாண்டியதும் மகள் போன் செய்தாள்.

"சாப்டீங்களாப்பா?"

விடுதிக்குப் போன நாளிலிருந்து அவள் முதலில் கேட்பது இதைத்தான். நானும் அவளை அதையேதான் கேட்பேன். இரண்டு பேருக்கும் வேறு பேச்சு தெரியாது. "சாப்ட்டோம்மா, புளிச்சோறு" என்றேன். "சரிப்பா. ஹோட்டல்ல நல்லாச் சாப்பிடுங்க" என்றாள். எங்கள் ஊர் வழக்கம் அவளுக்குத் தெரியும். அவள் என்ன சொல்கிறாள் என்பது எனக்கும் தெரியும். ரயில் சத்தத்தில் கேட்காத மாதிரி "ஆங்?" என்றேன்.

எழும்பூரில் அவர் வந்து நின்றார். முழுக்கைச் சட்டை, ஒல்லியான உடம்பு. கைகூப்பியபோது இந்த முறைதான் விரல் நுனிகளைக் கவனித்தேன். தோல் உரிந்து உரிந்து பளபளவென்று இருந்தன. மேனேஜருக்கு எதற்கு இப்படி விரல் என்று ஒரு நிமிடம் தோன்றியது. எங்களைக் காரில் ஏற்றி ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டு, "நான் பின்பக்கமாப் போறேங்க, வேலை இருக்கு. காலைல பார்ப்போம்" என்று ஓடிவிட்டார். முன்வாசல் வழியாக அவர் உள்ளே வரவில்லை.

ஹோட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியே வெள்ளைச் சுவர், ஆளுயரத் தூண்கள், நடுவில் ஒரு முற்றம். முற்றத்தில் யாரும் உட்காராத நாற்காலிகள் நிறைய. உள்ளே நுழைந்ததும் தரை கறுப்பும் வெள்ளையுமாகப் போய்க்கொண்டே இருந்தது. மச்சானின் மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், நான்தான் போடச் சொன்னேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிப்பந்தி தட்டில் நான்கு கண்ணாடி டம்ளர்களில் இளநீர் கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூ.

"நீங்கதானே மாஸ்டரோட கெஸ்ட்? வாங்க, வாங்க."

"இப்பத்தான் குடிச்சோம்" என்றேன். என் மனைவியும் இப்போதுதான் குடித்ததாகச் சொன்னாள். மச்சான் டம்ளரையே பார்த்துக்கொண்டு, "நாங்களும்" என்றார். அந்தக் குரலில் இருந்த துக்கத்தை நான் எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை.

ஆனால் என் மனம் இளநீரில் இல்லை. மாஸ்டர் என்றல்லவா சொன்னார்! எங்கள் ஊரில் மாஸ்டர் என்றால் டீ மாஸ்டர், புரோட்டா மாஸ்டர். சமையல்காரர். மனைவியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். பிள்ளை அப்பவே சொல்லிட்டா. உங்ககிட்டச் சொன்னா நீங்க கெளம்பியே வந்திருக்க மாட்டீங்க."

கடையில் நாள் முழுக்க வார்னிஷ் நாற்றத்தோடு உட்கார்ந்திருக்கிறவன் நான். எனக்குச் சமையல்காரர் இளப்பமாகத் தெரிந்தார். இதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது, மாற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

லிப்ட் பழைய காலத்துக் கிராதிக் கதவு போட்டது. உள்ளே உட்கார ஒரு சின்ன மர பெஞ்சு. அது கிளம்பிய சத்தத்தைக் கேட்டதும் என் கோபம் கொஞ்சம் இறங்கியது. அவ்வளவு சுத்தமான ஓட்டம். மேலே எங்கோ ஒரு மோட்டார் எத்தனையோ காலமாக இப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது, யாரோ ஒருவன் பொறுமையாகக் கட்டியிருக்கிறான். அறையிலும் அப்படித்தான். ஏசி ஒரு பக்கம் இருந்தாலும் உத்தரத்திலிருந்து நீளமான தண்டில் ஒரு மின்விசிறி தொங்கியது. பித்தளை சுவிட்சைத் தட்டினேன். முனகல் இல்லை, ஆட்டம் இல்லை. அதற்கடியில் அண்ணாந்தபடி ரொம்ப நேரம் நின்றேன். என் மனைவி கட்டில் உயரத்தைப் பார்த்துத் திகைத்து நின்றாள். ஏறுவதற்கு ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். சுவரில் குதிரை வண்டியும் தொப்பிக்காரர்களும் இருக்கும் பழைய போட்டோக்கள். குளியலறைத் தொட்டிக்குச் சிங்கத்தின் கால் மாதிரி நான்கு கால்கள்.

மேசையில் ஒரு கூடைப் பழம். மற்றதெல்லாம் எங்கள் கண்ணில் படவே இல்லை, நடுவில் நான்கு கொய்யாப்பழம் இருந்தது. மச்சான் ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தார்.

"மாப்ள, இது ஆயக்குடிக் காய். கண்ணக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். நம்ம ஊர்ப் பழத்தைத் தின்னா அது எப்படி அவுக வீட்டுல கை நனைச்சதாகும்?"

"வைங்க மச்சான்."

"செத்த நேரம் யோசிச்சுப் பாரு. நம்ம மண்ணு, நம்ம தண்ணி..."

"வைங்கன்னா வைங்க."

வைத்துவிட்டார். நான்கு மணிக்கு அவருக்குத் தலைவலி வந்துவிட்டது. அறையிலேயே தண்ணீர் சுட வைக்கும் பாத்திரமும் டீத்தூள் பொட்டலமும் இருந்தன, அதற்கும் நான் விடவில்லை. நான்கு பேரும் இறங்கி வெளியே வந்தோம். தலைப்பாகை கட்டிய பெரிய மீசைக்காரர் கதவைத் திறந்து சல்யூட் வைத்தார், கார் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்துப் பிளாட்பாரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். கேட்டில் நின்ற அந்த மீசைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது மறுபடியும் சல்யூட் வைத்தார். இந்த முறை அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஏழரைக்குச் சிப்பந்தி கதவைத் தட்டி, கீழே சாப்பாடு தயார் என்றார். பசியில்லை என்றேன். அவர் போனதும் கம்பளத்தின் மேல் செய்தித்தாளை விரித்தோம். அதன் மேல் என் துண்டு. எண்ணெய் பட்டுவிடுமோ என்ற பயத்தில் நான்கு பேரும் திருடர்கள் மாதிரி குனிந்து குனிந்து புளிச்சோறு சாப்பிட்டோம். மச்சான் கேட்டார்: "மாப்ள, நாளைக்கு நான் ஸ்பூன்ல சாப்பிட்டுக்கிறேனே? கை நனையாதுல்ல?" என் மனைவி சிரித்துப் புரையேறி இருமினாள். நானும் சிரித்தேன். சிரிப்பின் நடுவில் மகள் போன்.

"சாப்டீங்களாப்பா?"

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கோம்மா."

"ஹோட்டல்லயா?" குரல் துள்ளியது.

"கொண்டு வந்த சோறும்மா."

"ஏம்ப்பா, அங்க சாப்பாடு நல்லா இருக்காதா?" என்றாள். அதற்கில்லை என்றேன். வேறு எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. நாளைக்கு வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்ற விஷயத்தை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அப்பா என்றால் பிள்ளைக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது என்று எனக்கு ஒரு எண்ணம். அது எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

காலையில் எட்டு மணிக்குச் சிப்பந்தி வந்து டிபனுக்குக் கூப்பிட்டார். ஒன்பது மணிக்கு மறுபடியும் வந்தார். "சூடா இருக்கு சார், வாங்க சார்" என்று கெஞ்சாத குறை. ஒன்பதே முக்காலுக்கு மூன்றாம் முறை வந்தபோது நான் கதவை முழுதாகத் திறக்கவில்லை, உள்ளே மிளகாய்ப்பொடி இட்லி வாசம் அப்படி. "ஆச்சு, நாங்க கெளம்பிட்டோம்" என்றேன். அவர் மெல்லத் திரும்பிப் போனார். மறுபடி மகள் போன் செய்தாள்.

"சாப்டீங்களாப்பா?"

"உம்."

"எங்கப்பா?"

"ரூம்லதான். நம்ம வீட்டு இட்லி."

போனை வைத்துவிட்டாள். அவள் அப்படி வைக்கிறவள் இல்லை.

பத்தரை மணிக்குப் பைகளைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தோம். பையன் கார் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான், இன்னும் வரவில்லை. முற்றத்தில் நின்றோம். அந்தச் சிப்பந்தி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். மனதில் வைத்திருக்க முடியாமல்தான் பேசினார் என்று நினைக்கிறேன்.

"சார், தப்பா நினைக்காதீங்க. மாஸ்டர் காலைல நாலு மணிக்கே வந்துட்டார் சார். உங்களுக்குன்னு தனியா மாவு ஆட்டி வெச்சிருந்தார். இட்லிக் கவுன்டர்ல அவரே நின்னார். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் நீங்களான்னு எட்டிப் பார்ப்பார். பத்து மணிக்குக் கவுன்டரை மூடினோம். அந்த இட்லியை எடுத்து ஓரமா வெச்சிட்டு, சட்டையை மாத்திட்டுப் போயிட்டார்."

பையைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"முப்பத்துநாலு வருஷம் சார். இந்த மாசத்தோட ரிட்டயர் ஆகறார். ரிட்டயர் ஆகறவங்களுக்கு ஒரு நாள் குடும்பத்தோட இங்க தங்க ஹோட்டல்ல குடுப்பாங்க. ஆயுசுக்கு ஒரு தடவைதான் சார். அவங்க வீட்டம்மா இதுவரைக்கும் இந்த வாசலுக்குள்ள வந்ததே இல்ல. அந்த ஒரு நாளைத்தான் உங்களுக்குக் குடுத்துட்டார். கொய்யாப்பழத்துக்குக் கோயம்பேட்டுல எவ்வளவு நேரம் அலைஞ்சார் தெரியுமா?"

அந்த முக்காலியில் ஏறி அந்த உயரமான கட்டிலில் படுக்க வேண்டியவர் அந்த அம்மா. அந்த விசிறிக்குக் கீழே நிற்க வேண்டியவர் அவர். அங்கே நாங்கள் செய்தித்தாளை விரித்துப் புளிச்சோறு தின்றுவிட்டு, மிளகாய்ப்பொடி வாசத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறோம். என் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. திரும்பி லிப்டில் ஏறிப் போய், பூட்டுவதற்கு முன்னால் அறைக்குள் நுழைந்து, நான்கு கொய்யாவையும் துண்டில் முடிந்துகொண்டு வந்தேன். மச்சான் பார்த்தார். கேலி ஒன்றும் செய்யவில்லை.

பையன் வந்தான். வணக்கம் சொன்னான், கதவைத் திறந்துவிட்டான். வழி முழுக்க ரோட்டையே பார்த்து ஓட்டினான்.

அவர்கள் வீடு வில்லிவாக்கத்தில், மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. முன்னறையில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்தால் மற்றவர்கள் நிற்கத்தான் வேண்டும். ஆனால் அவ்வளவு சுத்தம். அவர் வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக வாசலில் நின்று வாங்க வாங்க என்றார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான்கு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். சமையல் மேடையில் பலகாரத் தட்டு ஒன்று தாளால் மூடியே இருந்தது. காபிக்கு டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதை யாரும் நிமிர்த்தவில்லை.

பேசத் தெரியாமல் துண்டை அவிழ்த்துக் கொய்யாப்பழங்களை மேசையில் வைத்தேன். அந்த அம்மாவின் முகம் அப்படியே வாடிப்போயிற்று.

"அதையும் திருப்பிக் கொண்டாந்துட்டீங்களா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. "பரவால்லீங்க. உங்க ஊர் வழக்கத்தை உங்க பொண்ணு எங்ககிட்டச் சொல்லியிருக்கா. சாப்பிட்டாச் சம்மதம், இல்லைன்னா இல்லைன்னு. அதைக் கேட்டதும் இவருக்கு ஒரே சந்தோஷம். என் கையாலயே அவரைக் கை நனைக்க வைக்கிறேன் பாருன்னு சொல்லிட்டே இருந்தார். காலைல நீங்க டிபனுக்கு வராதப்பவே எங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. நீங்க சங்கடப்பட வேணாம். தண்ணியாவது குடிங்க."

பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். என் மனைவி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள், அவள் கண் நிறைந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கக் கொண்டுவரவில்லை, உங்களோடு உட்கார்ந்து தின்னக் கொண்டுவந்தேன் என்று சொல்ல வேண்டும். நான் செய்தது தப்பு என்று சொல்ல வேண்டும். மாஸ்டரைப் பார்த்தேன். அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல மாவு இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்தார். "எந்த மாவுங்க?"

"இட்லி மாவுதான். காலைல எனக்கு அவிக்கணும்னு இருந்தீங்களாம்ல. நான் வரலை. தப்பு என்னுது. இப்ப அவிங்க. பசிக்குது."

மச்சான்தான் முதலில் எழுந்து, "எனக்கு நேத்து மத்தியானத்துல இருந்தே பசிக்குது" என்றார். அந்த அம்மா சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பிரிட்ஜைத் திறந்தார். மாஸ்டர் அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டார். முழங்கை வரைக்கும் சூடுபட்ட தழும்புகள்.

அடுப்படி வாசலில் நின்று அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். மாவைக் கரண்டியால் ஒரு தடவைதான் தூக்கிப் பார்த்தார், அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். நான் மோட்டாரைக் கேட்பதும் அப்படித்தான். ஆவி பறக்கிற தட்டைத் துணியில்லாமல் வெறும் விரலால் தூக்கினார். அந்த விரல் எப்படி ஆயிற்று என்று எனக்கு அப்போது விளங்கியது. அந்த ஹோட்டலிலிருந்து ஒரு இட்லிகூட அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லையாம், வெளியே எடுத்துவரக் கூடாது என்பது அங்கே விதி. அந்த அம்மா இதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். தட்டில் வைத்தார். பிட்டேன். இட்லியைப் பற்றி நான் என்ன சொல்ல, நல்ல மோட்டார் ஓடுவது தெரியாது, அப்படி இருந்தது. தேங்காய்ச் சட்னி அவசரத்துக்கு அரைத்தது, அதிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. "நீங்களும் உக்காருங்க" என்றேன். "நின்னே பழகிட்டேங்க, நீங்க சாப்பிடுங்க" என்றார். மச்சான் தலையை நிமிர்த்தவே இல்லை.

நான்காவது இட்லியில்தான் மகள் ஞாபகம் வந்தது. காலையில் போனை வைத்ததற்கு அப்புறம் அவள் கூப்பிடவில்லை. வலது கை நனைந்திருந்தது, இடது கையால் போனை எடுத்து நானே கூப்பிட்டேன். எடுத்தாள். "சொல்லுங்கப்பா" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"ஏம்மா, சாப்டீங்களான்னு கேக்க மாட்டியா?"

மெதுவாகக் கேட்டாள்: "சாப்டீங்களாப்பா?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். இட்லி."

"கொண்டு போனதா?"

"இல்லம்மா. உன் மாமனார் அவிச்சது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அவள் அழுது முடிக்கட்டும் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அதற்குள் அவர் குனிந்து, கேட்காமலேயே, என் தட்டில் இன்னும் இரண்டு இட்லியை வைத்துவிட்டார்.